புது பிஸ்டலா, பயிற்சியா? 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வர ஆரம்பித்து மூன்று மாதம் ஆனால் போதும், எல்லோரும் எந்த இறக்குமதி பிஸ்டல் என்ற ஒரே கேள்வியோடு வந்து நிற்பார்கள்: "மொரினி வாங்கலாமா, ஸ்டெயர் வாங்கலாமா?" நானும் கேட்டவன்தான். மகளைப் பயிற்சிக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்த அப்பாக்களில் நானும் ஒருவன். சும்மா இருப்பதற்கு ஒரு கை பார்க்கலாமே என்று முப்பத்தெட்டு வயதில் உள்ளே நுழைந்தேன். ஆறாவது மாதம், வீட்டில் வேறு செலவுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து இறக்குமதி பிஸ்டல் ஒன்று வாங்கினேன். வாங்குவதற்கு முன் 60 ஷாட்டுக்கு, அதாவது 600-க்கு, என் சராசரி 528. வாங்கி மூன்று மாதம் கழித்து 531.

மூன்று புள்ளி. அதுவும் துப்பாக்கியால் வந்ததா, மூன்று மாதம் கூடுதலாகச் சுட்டதால் வந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, அதைப் புது பிஸ்டலில் போடுவதா, கோச், ரேஞ்ச், பெல்லட் (ஏர் பிஸ்டலில் போடும் சின்னக் குண்டு) என்று போடுவதா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கட்சி எது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: பத்தில் எட்டுப் பேருக்குப் பயிற்சிதான். மீதி இரண்டு பேருக்கு நிஜமாகவே துப்பாக்கிதான் பிரச்சினை. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, சோதித்தே தெரிந்துகொள்ளலாம்.

சட்டம் பற்றி இரண்டு வரி. இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி குழாய் 0.177 அங்குல அளவுக்குள்ளும், குண்டின் சக்தி 20 ஜூலுக்குள்ளும் இருக்கும் ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டி பிஸ்டல் ஐந்தாறு ஜூல்தான் தரும். ஆனாலும் பில் எப்போதும் கூடவே இருக்கட்டும். 25 மீட்டர் போட்டிக்கான 0.22 பிஸ்டல் வேறு கதை. அது லைசென்ஸ் வேண்டிய துப்பாக்கி, இந்தக் கட்டுரையில் அதைத் தொடவில்லை.

தப்பு எங்கிருந்து வருகிறது என்ற கணக்கு

படிகளுக்குப் போவதற்கு முன் கொஞ்சம் கணக்கு. இது புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

10 மீட்டர் பிஸ்டல் இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. பெல்லட்டின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே பத்துதான். ஆக, நடுப்புள்ளியிலிருந்து 8 மி.மீ. வரை விலகினாலும் உங்களுக்குப் பத்து கிடைக்கும்.

இப்போது பிஸ்டலை நீட்டிப் பிடியுங்கள். குறிபார்க்கக் குழாய் முனையில் இருக்கும் ஃப்ரன்ட் சைட்டுக்கும், பின்னால் பள்ளத்தோடு இருக்கும் ரியர் சைட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 35 செ.மீ. இரண்டும் சரியாக ஒரே கோட்டில் இருக்கிறது, ஆனால் கை மொத்தமாக 5 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது என்றால், பெல்லட்டும் 5 மி.மீ. தள்ளித்தான் விழும். இன்னும் பத்துதான். ஆனால் மணிக்கட்டு லேசாக மடங்கி, ஃப்ரன்ட் சைட் ரியர் சைட்டின் பள்ளத்துக்குள் ஒரே ஒரு மி.மீ. ஒதுங்கிவிட்டது என்றால்? 35 செ.மீ.யில் ஒரு மி.மீ. என்பது 10 மீட்டரில் 28 மி.மீ.க்கும் மேல். நேராக ஏழு வளையம்.

கை ஆடுகிறதே என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பயப்படுவார்கள். ஆடத்தான் செய்யும். ஒலிம்பிக் ஆட்களின் கையும் ஆடுகிறது. ஸ்கோரைக் கெடுப்பது அந்த ஆட்டம் அல்ல, டிரிகரை அழுத்தும் நொடியில் மணிக்கட்டு செய்யும் சின்னத் துரோகம்.

துப்பாக்கி தன் பங்குக்கு எவ்வளவு கெடுக்கும்? போட்டி பிஸ்டலில் பெல்லட் வினாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் போகிறது. 10 மீட்டர் போவதற்குள் அது ஏறக்குறைய 22 மி.மீ. கீழே இறங்கியிருக்கும். உங்கள் பழைய பிஸ்டலில் காற்றழுத்தம் சீராக இல்லாமல் ஒரு ஷாட்டில் வேகம் 140 ஆகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்கம் 25 மி.மீ. ஆகும். வித்தியாசம் 3 மி.மீ. இத்தனைக்கும் வினாடிக்கு 10 மீட்டர் வேகம் குறைவது பெரிய கோளாறு. ஒரு பக்கம் 28, இன்னொரு பக்கம் 3. பணத்தை முதலில் எந்தப் பக்கம் போடுவது என்பதற்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

படி 1: உண்மையான ஸ்கோரை எழுதுங்கள்

"நான் 550 போடுவேன்" என்பார்கள். என்றைக்கோ ஒருநாள் போட்டிருப்பார்கள். உங்கள் சிறந்த ஸ்கோர் இதற்கு உதவாது. மூன்று தனித்தனி நாள்களில், 15 நிமிடம் தயாரிப்பும் சோதனை ஷாட்டும், அப்புறம் 75 நிமிடத்தில் 60 ஷாட் என்று போட்டி விதிப்படியே சுடுங்கள். நடுவில் டீ இல்லை, போன் இல்லை, "இது கணக்கில் இல்லை" என்ற பேச்சும் இல்லை. மூன்று நாள் சராசரிதான் உங்கள் ஸ்கோர்.

530-க்குக் கீழே என்றால் அடுத்த இரண்டு படிகளை வேண்டுமானால் படித்து வையுங்கள். துப்பாக்கிக் கடை பக்கம் மட்டும் போக வேண்டாம். 530-லிருந்து 560 வரை இருப்பவர்களுக்கு இந்தச் சோதனைகள் ரொம்பப் பயன்படும். 560-க்கு மேல் நிலையாகப் போடுகிறவர், அதுவும் கிளப் துப்பாக்கியில் போடுகிறவர் என்றால், சொந்தத் துப்பாக்கி பற்றி யோசிக்க அவருக்கு முழு உரிமை உண்டு. இந்த எண்கள் எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை, நான் பார்த்தவர்களை வைத்துச் சொல்கிறேன். அளவு தெரிய வேண்டுமானால், கொரியாவின் ஜின் ஜோங்-ஓ 2009-இல் சாங்வோனில் போட்டது 594.

படி 2: உங்கள் துப்பாக்கியை நன்றாகச் சுடத் தெரிந்தவர் கையில் கொடுங்கள்

செலவே இல்லாத சோதனை. ஆனால் யாரும் செய்வதில்லை, வெட்கம்.

என் கோச் என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர் எனக்கு சார், நான் அவருக்கு சார். புது துப்பாக்கி வந்து நான்கு மாதம் கழித்து, "சார், கிரிப்பில் ஏதோ கோளாறு, எல்லாம் இடதுபக்கம் கீழே போகுது" என்று அவரிடம் புகார் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கிளப் அலமாரியைத் திறந்து, நான் ஆறு மாதம் சுட்டுவிட்டு ஒதுக்கிய பழைய ரஷ்ய பைக்கால் ஐஇசட்எச்-46எம்-ஐ எடுத்தார். குழாய்க்கு அடியில் இருக்கும் நெம்புகோலை ஒவ்வொரு ஷாட்டுக்கும் இழுத்து மூட வேண்டிய ஒற்றைப் பம்ப் பிஸ்டல் அது, காற்று நிரப்பி வைக்கும் சிலிண்டர் கிடையாது. பத்து ஷாட் சுட்டார். 95. அப்புறம் என் புது பிஸ்டலில் பத்து. 96. "சார், துப்பாக்கி இரண்டுமே நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த லேனுக்குப் போய்விட்டார்.

உங்களைவிட முப்பது நாற்பது புள்ளி அதிகம் போடுகிற ஒருவரிடம் கொடுங்கள். வலக்கைக்காரர் துப்பாக்கி என்றால் வலக்கைக்காரர்தான் சுட வேண்டும். அவர் தன் வழக்கமான ஸ்கோரிலிருந்து இரண்டு மூன்று புள்ளிக்குள் போட்டுவிட்டால் உங்கள் துப்பாக்கி நிரபராதி. கிரிப் அவர் கைக்குப் பொருந்தாததால் ஒன்றிரண்டு குறையும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

படி 3: தாங்கி வைத்துச் சுடுங்கள்

மேசையில் மணல்பை அல்லது மடித்த கனமான துண்டு போட்டு, துப்பாக்கி பிடித்த கையை அதன் மேல் ஊன்றி, ஐந்து ஐந்தாக மூன்று குரூப் சுடுங்கள். ஐந்து ஓட்டையும் ஒட்டிக்கொண்டு ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் நடுவட்டத்துக்குள் அடங்கிவிட்டால் குழாய், சைட், காற்றழுத்தம் எல்லாம் நலம் என்று அர்த்தம். எங்கே விழுகிறது என்பது முக்கியம் இல்லை, எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதே முக்கியம். நெருக்கமாக விழுந்து ஓரமாகப் போனால் சைட் திருகை நாலு கிளிக் திருப்புவது மட்டுமே வேலை.

தாங்கி வைத்தும் சிதறுகிறதா? உடனே புதுசு வாங்க ஓடாதீர்கள். வேறு டப்பா பெல்லட் போட்டுப் பாருங்கள். சைட் திருகுகள், கிரிப் திருகு தளர்ந்திருக்கிறதா பாருங்கள். கிரிப் திருகு அரைச் சுற்று தளர்ந்திருந்ததற்காக ஒரு பையன் இரண்டு மாதம் தன் மேலேயே நம்பிக்கை இழந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

படி 4: ஓட்டைகளைப் படியுங்கள்

இப்போது நின்றபடி ஒரு கையால் 20 ஷாட் சுட்டு, சிதறல் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வலக்கைக்காரருக்குக் கீழே இடதுபக்கம் சரிந்தால் டிரிகரைப் பிடுங்குகிறீர்கள் என்று பொருள். விரலோடு சேர்ந்து மொத்தக் கையும் இறுகுகிறது. மேலும் கீழுமாக நீண்ட கோடாக இருந்தால், மூச்சு சீராக இல்லை, அல்லது ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே நிற்கிறீர்கள், அல்லது ஒவ்வொரு முறையும் கிரிப்பைப் பிடிக்கும் உயரம் மாறுகிறது. பக்கவாட்டில் பரவினால் பெரும்பாலும் கால் வைத்த கோணம். இதற்குக் கண்ணை மூடிக் கையை உயர்த்தி, திறந்து பார்க்க வேண்டும். கை இலக்குக்கு வலமோ இடமோ போய் நின்றால் கையைத் திருத்தாதீர்கள், பின்காலை நகர்த்துங்கள்.

எட்டு ஷாட் நடுவில், இரண்டு மட்டும் எங்கேயோ என்றால்? துப்பாக்கிக்கு அப்படி மனசு மாறுகிற பழக்கம் கிடையாது. அந்த இரண்டும் பெரும்பாலும், இறக்கி வைத்திருக்க வேண்டிய ஷாட்டை "பரவாயில்லை, போகட்டும்" என்று விட்டவை. தூக்கி எட்டுப் பத்து வினாடிக்குள் விடவில்லை என்றால் இறக்கிவிட வேண்டும். இறக்குவதற்குக் காசு இல்லை. ஆனால் இதைப் பழக எனக்கு ஒரு வருடம் ஆயிற்று, இன்றும் அறுபதில் நாலைந்து ஷாட்டில் மறந்துபோகிறேன்.

படி 5: நிஜமாகவே பொருளில் இருக்கும் குறைகள்

இவ்வளவு சொன்னதால் பொருள் முக்கியமே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டோக்கியோ ஒலிம்பிக்ஸில், 2021 ஜூலையில், மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் பழுதாகி, சரிசெய்து திரும்பி வருவதற்குள் கிட்டத்தட்ட இருபது நிமிடம் போயிற்று. மீதி ஷாட்டுகளை அவசரமாகச் சுட்டு 575 போட்டார். இறுதிச் சுற்றுக்கு 577 தேவைப்பட்டது. இரண்டு புள்ளி. அதே மனு பாக்கர் 2024-இல் பாரிஸில் தனிநபர் வெண்கலம், சரப்ஜோத் சிங்கோடு கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம் என்று இரண்டு பதக்கம் வாங்கினார். இரண்டு ஒலிம்பிக்ஸுக்கும் நடுவில் அவர் வாழ்க்கையில் அதிகம் பேசப்பட்ட மாற்றம், பிரிந்திருந்த கோச் ஜஸ்பால் ராணாவிடம் 2023-இல் திரும்பிப் போனதுதான். துப்பாக்கி கைவிடலாம் என்பதற்கும், கைவிட்ட பிறகு மனிதர் எதைத் தேடிப் போனார் என்பதற்கும் ஒரே ஆள் உதாரணம்.

சரி, நம் மட்டத்துக்கு வருவோம். பணம் போட்டால் உடனே பலன் தரும் பொருள் சமாசாரங்கள் என் அனுபவத்தில் இவை.

முதலாவது கிரிப். கிளப் துப்பாக்கியின் கிரிப் எல்லோர் கைக்கும் பொது என்பதால் யார் கைக்கும் பொருந்தாது. கையை இறுக்காமல் பிடித்துக் கண்ணை மூடி உயர்த்துங்கள். திறக்கும்போது ஃப்ரன்ட் சைட் ரியர் சைட்டின் நடுவில் தானாக வந்து நிற்க வேண்டும். எப்போதும் ஒரு பக்கம் ஒதுங்கியே நின்றால் மணிக்கட்டை முறுக்கித்தான் நேராக்குகிறீர்கள். மேலே சொன்ன 28 மி.மீ. பிறப்பது இங்கேதான். உள்ளங்கைக்கு அடியிலிருக்கும் தாங்கு பலகையைச் சரிசெய்வது, உப்புத்தாளால் தேய்ப்பது, குழிந்த இடத்தில் எம்-சீல் மாதிரி பசை வைத்து ஏற்றுவது என்று சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. கிளப் துப்பாக்கியில் கேட்காமல் இதைச் செய்துவிடாதீர்கள். கோச்சைக் கேட்டுக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இரண்டாவது கண். நாற்பதை நெருங்குகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கலாம். பிஸ்டலில் தெளிவாகத் தெரிய வேண்டியது ஃப்ரன்ட் சைட். இலக்கு மங்கலான கறுப்பு உருண்டையாகத் தெரிந்தால் போதும். ஃப்ரன்ட் சைட் ஒரு கை தூரத்தில் இருக்கிறது. தூரப்பார்வைக் கண்ணாடி போட்டால் அது மங்கும், படிக்கிற கண்ணாடி போட்டால் இலக்கே காணாமல் போகும். தூரப்பார்வைக்கான பவரோடு அரை முதல் முக்கால் டயாப்டர் கூட்டிய ஒரு லென்ஸ் இரண்டுக்கும் நடுவே நிற்கும். கண் பரிசோதகரிடம் "படிக்க அல்ல, நீட்டிய கையின் நுனி தெரிய வேண்டும்" என்று சொல்லிப் பார்த்துப் போட்டுக்கொண்டேன். அந்தக் கண்ணாடி வந்த மாதம் என் சராசரி 540-ஐத் தாண்டியது. லட்சத்தில் வாங்கிய பிஸ்டல் தராததை வந்து கொடுத்த பொருள் அது. குறிபார்க்காத இன்னொரு கண்ணின் முன்னால் மறைப்பு வேண்டுமானால் 30 மி.மீ. அகலத்துக்குள் இருக்கட்டும், விதி அப்படி.

பாரிஸில் சாதாரணக் கண்ணாடியோடு, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டு நின்று வெள்ளி வாங்கிய துருக்கியின் யூசுஃப் டிகெச் படத்தைப் பார்த்துவிட்டு, "பார்த்தீங்களா, ஒண்ணுமே வேண்டாம்" என்பவர்கள் உண்டு. அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக்ஸ். 2008-இலிருந்து ஒன்றைக்கூட விடவில்லை. கையில் இருந்ததும் முழுப் போட்டி பிஸ்டல்தான்.

மூன்றாவது டிரிகர். குறைந்தபட்ச எடை 500 கிராம் என்பது விதி. 500 கிராம் எடைக்கல்லை டிரிகரில் தொங்கவிட்டு நேராகத் தூக்கினால் தாங்க வேண்டும். நமக்கு அதைவிட முக்கியம், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒரே அழுத்தத்தில் விடுபட வேண்டும் என்பது. ஒருமுறை சீக்கிரம், ஒருமுறை தாமதம் என்று விளையாடினால் தெரிந்தவரிடம் சர்வீஸுக்குக் கொடுங்கள். எலக்ட்ரானிக் டிரிகர் மென்மையானது, உண்மை. ஆனால் 550 வரைக்கும் நல்ல மெக்கானிக்கல் டிரிகருக்கும் அதற்கும் ஸ்கோரில் நான் வித்தியாசம் கண்டதில்லை.

காற்றுக் கசிவு, தேய்ந்த வாஷர், காலாவதியான சிலிண்டர் எல்லாம் சர்வீஸ் வேலைகள். இவற்றுக்காகத் துப்பாக்கியை மாற்றுவது, டயர் பஞ்சர் என்று பைக்கை மாற்றுவது போல.

ஸ்பிரிங் வைத்த, குழாயை மடித்து ஏற்றும் மலிவு பிஸ்டல்தான் உங்களிடம் இருக்கிறது என்றால், அது விதிவிலக்கு. பெல்லட் வெளியே போவதற்குள் அது குலுங்கும், டிரிகர் கரடுமுரடு, போட்டிக்கு ஆகாது. அதைத் தாராளமாக மாற்றலாம். அதற்குப் பதில் கிளப் பிஸ்டலை வாடகைக்கு எடுப்பது இன்னும் நல்லது.

படி 6: பயிற்சிக்குப் பணம் ஒதுக்குவது

ஓர் உதாரணக் கணக்கு. கையில் 2 லட்சம் ரூபாய் இருக்கிறது. வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு 80 ஷாட் என்றால் மாதம் ஆயிரம் பெல்லட். 500 கொண்ட டப்பா இரண்டு. டப்பா ஆயிரம் ரூபாய் என்று பிடித்தாலும் வருடத்துக்கு 24,000. ரேஞ்ச், கோச் இரண்டும் சேர்த்து மாதம் 5,000 என்றால் வருடத்துக்கு 60,000. இது ஊருக்கு ஊர், கிளப்புக்குக் கிளப் மாறும். கண்ணாடிக்கும், கணுக்காலை மூடாத தட்டை அடிப்பகுதி ஷூவுக்கும் 10,000. மாநிலப் போட்டி, நுழைவுக் கட்டணம், பயணம் என்று 20,000. மொத்தம் 1,14,000. மீதி 86,000-ஐத் தொடாமல் வைத்துவிடுங்கள். வருடக் கடைசியில் அதுதான் உங்கள் பிஸ்டல் நிதியின் விதை. ஒரு வருடம் முழுக்கச் சுட்ட அனுபவமும் சேர்ந்திருக்கும். முதல் நாளே முழுத் தொகையையும் துப்பாக்கியில் போட்டிருந்தால் பெல்லட்டுக்கே கையேந்தி, "இன்னிக்கு இருபது ஷாட் போதும்" என்று வீட்டுக்குப் போவீர்கள். எனக்கு அதுதான் நடந்தது.

கோச்சை எப்படித் தேர்ந்தெடுப்பது? பதக்கங்களை எண்ணாதீர்கள். ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். அவர் இலக்கின் திரையைப் பார்க்கிறாரா, சுடுகிறவரின் விரலையும் தோளையும் பார்க்கிறாரா? "ஒன்பது, சரி. எட்டு, கவனம்" என்று திரையைப் படித்துச் சொல்வதற்குக் கோச் எதற்கு, நமக்கே எண் தெரியும். "அந்த ஒன்பது நல்ல ஷாட், இந்தப் பத்து அதிர்ஷ்டம்" என்று சொல்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள். ஒரே நேரத்தில் பதினைந்து பேருக்கு மேல் பார்க்கிறார் என்றால், மாதத்துக்கு இரண்டு தனி அமர்வுக்கு மட்டும் தனியாகக் கட்டணம் கொடுத்துவிடலாம். சேர்ந்த அன்றே "முதலில் துப்பாக்கி வாங்குங்க, அப்புறம் பார்ப்போம்" என்று, அதுவும் ஒரே கடையைக் காட்டிச் சொல்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். எனக்கு முதலில் கிடைத்தவர் அப்படி. பெயர் வேண்டாம், இப்போது அவர் வேறு தொழிலில் இருக்கிறார்.

பயிற்சியிலேயே மலிவானதும் வலிமையானதும் டிரை ஃபயர், அதாவது பெல்லட் இல்லாமல் டிரிகர் விடுவது. போட்டி பிஸ்டல்களில் காற்று வெளியேறாமல் டிரிகர் மட்டும் வேலை செய்ய ஒரு வசதி இருக்கும். அது இல்லாத பிஸ்டலில் செய்யாதீர்கள். வீட்டில் வெள்ளைச் சுவர் ஒன்றின் முன்னால், ஃப்ரன்ட் சைட் சுவருக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும்படி நில்லுங்கள். இலக்குப் படம் ஒட்டாதீர்கள், வெறும் சுவர்தான். தூக்குங்கள், சைட்டை மட்டும் பாருங்கள், விடுங்கள், விட்ட பிறகும் இரண்டு வினாடி பார்த்துக்கொண்டே நில்லுங்கள். டிரிகர் விடுபடும் அந்தக் கணத்தில் ஃப்ரன்ட் சைட் துள்ளுகிறதா? துள்ளினால், ரேஞ்சில் அது எட்டாகவும் ஏழாகவும் விழுந்துகொண்டிருந்த ஷாட். சுவர் பொய் சொல்லாது, ஏனென்றால் அங்கே ஆசை காட்டுகிற பத்து வளையம் இல்லை. நாற்பது முறை, இருபத்தைந்து நிமிடம், வாரம் நான்கு நாள். முதல் வாரம் மகா போர் அடிக்கும்.

வீட்டில் செய்யும்போது பெல்லட் டப்பா வேறு அறையில் இருக்கட்டும். தொடங்கும் முன் குழாய் காலி என்று கண்ணால் பாருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் படுத்திருக்காத சுவராகத் தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் பாதுகாப்புக் கயிறைக் குழாயில் விட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஏர் பிஸ்டல்தானே என்று நினைக்கிறவர்கள் கண் மருத்துவர் ஒருவரிடம் பேசிப் பார்க்கலாம்.

இதோடு ஒரு நோட்டு. ஸ்கோரைவிட, "இன்று எத்தனை ஷாட்டை இறக்கி வைத்தேன், எத்தனை ஷாட் எங்கே விழும் என்று திரையைப் பார்க்கும் முன்பே சரியாகச் சொன்னேன்" என்பதை எழுதுங்கள். அறுபதில் நாற்பதைச் சரியாகச் சொல்ல வந்துவிட்டால் நீங்கள் வேறு ஆளாகிவிட்டீர்கள். ஸ்காட் மாதிரி குழாயின் அசைவைக் கணினியில் வரைந்து காட்டும் கருவி உங்கள் கிளப்பில் இருந்தால் மாதம் ஒருமுறை போதும். சொந்தமாக வாங்கினால் தினமும் கோடு பார்த்துக் கவலைப்படத்தான் தோன்றும்.

படி 7: வாங்கும் நேரம் வந்துவிட்டது என்றால்

ஒரு வருடம் ஒழுங்காகச் சுட்டாயிற்று, மூன்று மாதமாக ஸ்கோர் ஒரே இடத்தில் நிற்கிறது, கிளப் துப்பாக்கி உங்கள் நேரத்துக்குக் கிடைப்பதில்லை அல்லது கிரிப்பை உங்கள் கைக்கு மாற்ற முடியவில்லை. இந்த மூன்றாவது காரணம்தான் பலருக்கும் உண்மையான காரணம். அதில் தப்பே இல்லை.

வாங்கும் முன் குறைந்தது ஒரு வாரம் அதே மாடலைக் கடன் வாங்கிச் சுடுங்கள். இலக்கில் ஒரே நாளில் தெரிகிற முன்னேற்றத்தை நம்பாதீர்கள், புதுசு என்றால் கவனம் தானாகக் கூடும். நாலாம் நாள் ஸ்கோரைப் பாருங்கள். மொரினி, ஸ்டெயர், பார்தினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ் என்று எதை எடுத்தாலும் தாங்கி வைத்துச் சுட்டால் ஒரே ஓட்டைதான். வித்தியாசம் எடை முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, குழாய் கைக்கு எவ்வளவு தாழ்வாக இருக்கிறது, டிரிகரின் சுபாவம் என்ன என்பதில்தான். 1,500 கிராம் வரை அனுமதி இருக்கிறதே என்று கனமானதை எடுக்க வேண்டியதில்லை. ஒல்லியான கைக்காரர்கள் அறுபதாவது ஷாட்டை நினைத்து எடை பாருங்கள், முதல் ஷாட்டை நினைத்து அல்ல. கடைசியாக, உங்கள் ஊரில் அதற்கு சர்வீஸ் செய்கிறவர் யார் என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் அந்த மாடல் உங்களுக்கு இல்லை.

பழையது வாங்குவது நல்ல யோசனை, நிறையப் பேர் என்னை மாதிரி அவசரப்பட்டு வாங்கிவிட்டு விற்கிறார்கள். சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் போட்டியில் சோதனையின்போது மறுக்கப்படும், புது சிலிண்டர் விலையைக் கழித்துப் பேசுங்கள். சிலிண்டரை நிரப்பி, அழுத்தமானியின் முள்ளைப் போட்டோ எடுத்து, ஒரு இரவு வைத்துக் காலையில் ஒப்பிடுங்கள். முடிந்தால் வேகமானியில் பத்து ஷாட் சுடுங்கள். வினாடிக்கு மூன்று நான்கு மீட்டருக்குள் நின்றால் நலம். கிரிப் இடக்கைக்கா வலக்கைக்கா என்று கேட்கச் சொன்னால் சிரிப்பீர்கள். கேட்காமல் கூரியரில் வரவழைத்தவரை எனக்குத் தெரியும். பில்லும் பெயர் மாற்றத்துக்கான எழுத்தும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு இரண்டு மாதம் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்க வேண்டாம். கிரிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வாரம் கொடுங்கள். சைட், டிரிகர், கிரிப் மூன்றையும் ஒரே நாளில் திருகிவிட்டு எது உதவியது என்று தேடுவது வீண் வேலை.

என் மகள் இன்னும் கிளப்பின் பழைய பிஸ்டலில்தான் சுடுகிறாள். அதன் கிரிப்பை கோச் அவள் கைக்கு ஏற்ப ஏற்றிக் கொடுத்தார். போன மாதம் மூன்று நாள் சராசரி 561. அப்பாவைத் தாண்டி ஒரு வருடம் ஆகிறது. அடுத்த வாரம் கோச் தன் சொந்தத் துப்பாக்கியைக் கொடுத்து ஒரு வாரம் சுடச் சொல்லியிருக்கிறார். "நாலாம் நாள் ஸ்கோரைப் பார்த்துட்டுப் பேசலாம்மா" என்றேன். "சரிப்பா, அதுக்குள்ள விலை மட்டும் விசாரிச்சு வைங்க" என்கிறாள்.